இடப்பக்கம் நிற்பவருக்காக

திட்டும்போது வாய் தவறுகிறவர்கள் உண்டு. கல்யாண வீட்டில் வாய் தவறுகிறவர்கள் உண்டு. ஜெபம் பண்ணும்போது வாய் தவறிய மனிதர் ஒருவர் உண்டென்றால் அது லிஃப்ட் மெக்கானிக்தான். சபையில் வாலிபர் கூட்டம் நடத்துகிறவர், பிள்ளைகளுக்கெல்லாம் அண்ணன். கண்ணை மூடி, கையைக் கோத்து, ஆண்டவரிடம் உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண்ணின் ரகசியத்தைப் போட்டு உடைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் சபைக் கட்டடத்தின் பின்னறையில் பிள்ளைகள் கூடுவார்கள். பாதி அறையில் உடைந்த நாற்காலிகள், மீதியில் வலை கிழிந்த டேபிள் டென்னிஸ் மேஜை. கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் வேதம், நிறைய பிஸ்கட், அதைவிட நிறைய சண்டை. கடைசியில் எல்லாரும் வட்டமாக நின்று கை கோத்துக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் தன் இடப்பக்கம் நிற்பவருக்காக வாய் விட்டு ஜெபிக்க வேண்டும். இது அண்ணன் கொண்டுவந்த வழக்கம். "எனக்குக் குடு, எனக்குக் குடுன்னு ஆண்டவரை நச்சரிச்சது போதும். பக்கத்துல நிக்கிறவனுக்குக் கேளுங்க" என்பார். பிள்ளைகளும் கேட்டார்கள். இவனுக்குக் கணக்கு வரட்டும் என்றார்கள். இவள் வீட்டு நாய்க்குக் கால் சரியாகட்டும் என்றார்கள். ஒருமுறை கிட்டார் வாசிக்கும் பையன், "ஆண்டவரே, இவளுக்குச் சிரிப்பை அடக்குற பெலனைத் தாரும்" என்று பக்கத்தில் நின்ற, எல்லாரும் சிரிப்பு என்று கூப்பிடும் பெண்ணுக்காகக் கேட்டான். அவள் ஆமென் வரைக்கும் சிரித்தாள். அண்ணனுக்கு வாரம் முழுக்க கிரீஸும் தூசியும்தான். அந்த ஒரு வட்டத்துக்காகத்தான் அவர் சனிக்கிழமையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவருடைய இடப்பக்கம் பூனை நின்றாள். வருவதும் போவதும் சத்தமே கேட்காது என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். பத்தொன்பது வயது. ஆடிட்டர் ஆவதற்குப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று ஊரே நம்பியது. சில வாரங்களுக்கு முன்பு நாற்காலிகளை அடுக்கும்போது அவள் அண்ணனிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தாள். காலேஜை விட்டு நின்றுவிட்டாள். காலையில் பையை மாட்டிக்கொண்டு ஒரு செடிப் பண்ணைக்கு வேலைக்குப் போகிறாள். அப்பாவுக்குத் தெரியாது. "நானே சொல்றேண்ணா. என் வாயாலதான் அவர் கேக்கணும். கொஞ்சம் தைரியம் வரட்டும்" என்றாள். அண்ணனும், "நான் மூச்சு விட மாட்டேன்மா" என்று வாக்குக் கொடுத்தார்.

மூச்சு விடவில்லைதான். ஜெபம்தான் பண்ணினார். கண்ணை மூடினால் அந்த மனிதருக்குச் சுற்றி நிற்பவர்கள் மறந்துபோகும். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையை உம்முடைய கரத்துல ஒப்புக்கொடுக்கிறேன். காலேஜை விட்டு நின்னதை அப்பாகிட்ட சொல்ல முடியாம இவ படுற பாட்டை நீர் அறிவீர்…"

அவர் கையிலிருந்து அவள் கை உருவிக்கொண்டு போனது. கண்ணைத் திறந்தார். பூனை வாசலைத் தாண்டிவிட்டாள், வழக்கம்போலச் சத்தமே இல்லை. எதிரே நின்ற ஒருவன் மட்டும் கண்ணை அகல விரித்துக்கொண்டிருந்தான். ஜெபத்தில் கண்ணை மூடவே மாட்டான் அவன். பூனையின் தம்பி. பதினைந்து வயது. பெயர் ரேடியோ. ஏன் அந்தப் பெயர் என்று விளக்கவே வேண்டாம்.

ரேடியோவுக்குத் தெரிந்தால் வீட்டுக்குத் தெரிந்த மாதிரி. அப்பா ஒரு பஸ் டிரைவர். மகள் ஆடிட்டர் ஆகப்போகிறாள் என்று பணிமனையில் சொல்லாத ஆள் கிடையாது. அந்த மனுஷன் இதை மகள் வாயால் கேட்காமல் வேறு வாயால் கேட்டால் உடைந்துபோவார். அவளும் இனி யாரிடமும் மனம் திறந்து எதையும் சொல்ல மாட்டாள்.

வீட்டில் போய் மனைவியிடம் சொன்னார். அவள் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள், மெஷினை நிறுத்தவில்லை.

"லிஃப்ட்டுக்கெல்லாம் கதவு மாட்டிவிடுறீங்க. உங்க வாய்க்கு ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா?"

"கிண்டல் பண்ற நேரமா இது?"

"கிண்டல் இல்ல, வயித்தெரிச்சல். அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணீங்களா?"

பண்ணினார். அவள் எடுக்கவில்லை. மறுபடி பண்ணினார். மற்றப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொருவராகப் பண்ணி, அன்று காதில் விழுந்ததை வெளியே சொல்ல வேண்டாமென்று கெஞ்சினார்.

"நாங்க எதுவும் கேக்கலையேண்ணா" என்றான் கிட்டார் பையன்.

"பக்கத்துலதானேடா நின்னே? காது இல்லையா உனக்கு?"

"காது இருந்துச்சு. ஆனா கேக்கல."

சிரிப்பும் அதையேதான் சொன்னாள், அதுவும் சிரிக்காமல். இந்தப் பிள்ளைகளை எங்கே பெற்றார்கள் என்று அண்ணனுக்கு வியப்பாக இருந்தது. ஆனாலும் ரேடியோ மட்டும் போனை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஒரு ஆபீஸ் கட்டடத்தில் கோளாறு பார்க்கப் போனார். இரண்டு மாடிகளுக்கு நடுவில் ஒரு அம்மாள் மாட்டிக்கொண்டிருந்தாள். அப்படி மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பதுதான் அவர் வழக்கம். அன்றைக்குப் பேச்சே வரவில்லை. "வெளிய யாராவது இருக்கீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டபிறகுதான், "இருக்கேம்மா, இருக்கேன்" என்றார். திறக்க வேண்டிய கதவை விட்டு வேறு மாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் சாயங்காலம் பொறுக்க முடியாமல் பஸ் டிரைவருடைய பஸ்ஸிலேயே ஏறினார். ஓட்டுநருடன் பேசாதீர் என்று முன்னால் பலகை இருந்தது. அதை முதலில் மீறுகிறவர் ஓட்டுநர்தான்.

"வாங்க தம்பி, என்ன இந்தப் பக்கம்?"

"ஒரு வேலைண்ணே." கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவரின் முகத்தையே பார்த்தார். விஷயம் தெரிந்த முகமா, தெரியாத முகமா என்று பிடிபடவில்லை.

"வீட்ல எல்லாரும் சுகமாண்ணே?"

"எங்க சுகம். சின்னவனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. சனிக்கிழமை கூட்டத்துலேர்ந்து வந்தவன் ஒரு வார்த்தை பேசல. நம்ம ரேடியோ, நினைச்சுப் பாருங்க தம்பி. வீடே வெறிச்சுன்னு கெடக்கு." சிக்னலில் பஸ் நின்றது. டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "எங்கண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. தொண்டை கட்டிருக்குன்னு சொன்னார். அப்புறம் அவர் குரலை நாங்க கேக்கவே இல்ல. போய்ட்டார். பையனுக்காக ஜெபம் பண்ணுங்க தம்பி."

"பண்றேண்ணே. பாப்பா எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன குறைச்சல்? பரீட்சை வருதாம், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியறா. ஆடிட்டர் அம்மா. அவ ஆபீஸ் திறந்தா நான் ஸ்டியரிங்கைத் தூக்கிப் போட்டுட்டு வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவேன்." பச்சை சிக்னல் விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே கியரை மாற்றினார்.

அடுத்த நிறுத்தத்தில் அண்ணன் இறங்கிவிட்டார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. பாதித் தூரம் நடந்தே திரும்பினார்.

புதன்கிழமை வேலையை அரைகுறையாக முடித்துவிட்டு ரேடியோவின் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனார். கால்பந்தாட்டத்தில் அவன் கோல்கீப்பர். வழக்கமாக மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கேட்கிற மாதிரி கத்துவான். அன்றைக்கு ஊமையாக நின்றான், பந்து மேல் பந்தாக உள்ளே போனது. ஆட்டம் முடிந்ததும் அண்ணனைப் பார்த்துக் எல்லாரும் போகட்டும் என்று சைகை காட்டினான்.

"ரொம்ப வலிக்குதாடா?"

தலையை ஆட்டி இல்லை என்றான். சுற்றும்முற்றும் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.

"ஒண்ணும் இல்லண்ணா. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப ஏன்டா பேச மாட்டேங்கறே?"

"வாயைத் தொறந்தா அதுதான் மொதல்ல வரும். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? சாப்பிட உக்காந்தா அப்பா, இன்னைக்கு என்னடா சேதின்னு கேப்பார். நான் ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். அதான் ஆரம்பிக்கவே இல்ல." நாக்கை நீட்டிக் காட்டினான். "அம்மா குடுக்கிற உப்புத் தண்ணியைக் கொப்பளிச்சுக் கொப்பளிச்சு நாக்கு செத்துப்போச்சுண்ணா."

அண்ணன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அக்காவுக்குத் தெரியுமாடா?"

"தெரியாது. தெரிஞ்சா எனக்காகப் பாவம் பாத்துப் போய்ச் சொல்லிடுவா. அவளுக்குத் தோணுறப்ப சொல்லட்டும். நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது." அவன் ஒரு நிமிடம் யோசித்தான். "ஜெபத்துலகூட சொல்லாதீங்கண்ணா."

அடி வாங்கியவர் மாதிரி அண்ணன் நின்றார். சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். இந்தப் பொடியனிடம் இருக்கிற கட்டுப்பாடு நமக்கு இல்லையே என்று வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எது அதிகம் என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் மதியம் செடிப் பண்ணைக்குப் போனார். பூனை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சின்னப் பையில் இருந்த நாற்றுகளைப் பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். வேர் மண் உதிராமல் அப்படியே தூக்கி வைத்து, ஓரத்தில் விரலால் அழுத்திவிட்டாள். கை தயங்கவே இல்லை. அவரைப் பார்த்ததும் மட்டும் கை நின்றது.

"என்னை மன்னிச்சுடும்மா."

"நான் உங்ககிட்டதான் சொன்னேன். கடவுள்கிட்ட சொல்லச் சொல்லல."

"தெரியும்மா. கண்ணை மூடினதும் எனக்கு…"

"அவருக்குக் காது கேக்காதாண்ணா? மெதுவாச் சொன்னாப் புரியாதா அவருக்கு?" அவள் குரல் உடைந்தது. உடனே அடுத்த நாற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். "வாராவாரம் அந்த வட்டத்துல நின்னா எனக்கு ஒரு நிம்மதி. அதையும் கெடுத்துட்டீங்க."

வெயில் சுள்ளென்று அடித்தது. பக்கத்தில் யாரோ குழாயைத் திருகிவிட்டார்கள்.

"இன்னும் வீட்டுக்குத் தெரியல" என்றாள் பூனை, கொஞ்சம் தணிந்து. "ரேடியோ அன்னைக்கு எதிர்லதான் நின்னான். வீட்டுக்குப் போறதுக்குள்ள தண்டோரா போட்டிருப்பான்னு பயந்துக்கிட்டே போனேன். நல்லவேளை, அவனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. ஆண்டவர் பண்ணின உபகாரம்."

அண்ணனுக்கு நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. உன் தம்பியடி அது, தொண்டை இல்லை, உனக்காக வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான் என்று சொல்லிவிட மாட்டோமா என்றிருந்தது. சொன்னால் அவள் அழுவாள், கோபமெல்லாம் போய்விடும், ஒருவேளை இவரையும் மன்னித்துவிடுவாள். அதையெல்லாம் மென்று முழுங்கினார்.

"ஆமாம்மா. உபகாரம்தான்."

"நாளைக்கு அவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறார் அப்பா. ரொம்பப் பயந்துபோய்க் கெடக்கார். நானும் கூடப் போறேன்."

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தார். அந்தத் தகப்பன் இல்லாத நோய்க்குப் பயந்து செத்துக்கொண்டிருக்கிறார். ஒரு போன் பண்ணினால் அந்தப் பயம் போகும். பண்ணினால் பையனுக்குக் கொடுத்த வாக்கு போகும், மகள் தன் வாயால் சொல்ல நினைத்ததும் இவர் வாயால் போய்விடும். போனை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார்.

"எதை மென்னுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் இல்ல."

அவள் மெஷினை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் ஒண்ணும் இல்லை என்று சொல்லி அவள் கேட்டதில்லை. "அப்ப ஏதோ பெரிய விஷயம்தான். சொல்ல வேண்டாம். சும்மா இருக்கிறதுதான் இந்த வாரம் உங்க ஊழியம்னு நினைச்சுக்கங்க" என்றாள். போனை அவர் கையிலிருந்து வாங்கித் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க யாரிடமிருந்தும் ஒரு சேதியும் இல்லை. சனிக்கிழமை அண்ணன் நேரத்துக்கு முன்பே பின்னறைக்குப் போய் நாற்காலிகளைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். கிட்டார் வந்தான். சிரிப்பு வந்தாள். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். பாட்டு தொடங்கியது, முடிந்தது. அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததால் எந்தப் பாட்டு என்பதுகூட அவருக்குத் தெரியாது.

பிறகு வாசலில் பஸ் டிரைவர் நின்றார். டியூட்டி முடிந்து சீருடையோடு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் பூனையும் ரேடியோவும்.

அண்ணன் எழுந்து வெளியே போனார். பிள்ளைகள் இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

"உங்களுக்கு முன்னாலேயே தெரியும், இல்லையா தம்பி?"

"தெரியும்ணே."

"என் பஸ்ல ஏறி, என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே வந்தீங்க. நானும் ஸ்டூல் போட்டு உக்காருவேன்னு உளறிக்கிட்டு வந்தேன்."

"தப்பு என்னோடதுதாண்ணே."

டிரைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நேத்து டாக்டர் ஒரு குழாயை இவன் மூக்கு வழியா விட்டார். கண்ணுல தண்ணியாக் கொட்டுது. ஆ சொல்லுங்கறார், மாட்டேங்கறான். எனக்கு எங்கண்ணன் ஞாபகம் வந்துடுச்சு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இவன் அக்காவைப் பாத்து, வேணாம்னு லேசாத் தலையை ஆட்டுறான். அவளுக்கு அப்பத்தான் புரிஞ்சிருக்கு. அப்பா, அவன் தொண்டையில ஒண்ணும் இல்லப்பா, என் விஷயம்தான் இருக்குன்னு எல்லாத்தையும் சொல்லிட்டா. டாக்டர் பாவம், குழாயைப் பிடிச்சுக்கிட்டு முழிக்கிறார்."

அண்ணனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவருக்குச் சிரிக்கவும் தோன்றியது, அழவும் தோன்றியது.

"அவகிட்ட இன்னும் பேசல நான்" என்றார் டிரைவர். "கோவமா, வருத்தமா, எதுன்னே தெரியல. கூட்டத்துக்குப் போகணும்னு சொன்னா. கொண்டாந்து விட்டேன், அவ்வளவுதான்."

உள்ளே ரேடியோவின் குரல் கேட்டது. ஒரு வாரப் பேச்சையும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தான். மூக்கில் போன குழாயைப் பற்றி, உப்புத் தண்ணீரைப் பற்றி, விட்ட கோல்களைப் பற்றி. சிரிப்பு மூச்சுமுட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் வாசலில் நின்றபடியே கேட்டார். அந்தக் குரலைக் கேட்கக் கேட்க அவர் தோள் தளர்ந்ததை அண்ணன் பார்த்தார்.

வட்டம் கூடியது. சிரிப்பு ஓடிவந்து டிரைவரின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க அங்கிள். இங்க யாரும் வேடிக்கை பாக்கக் கூடாது."

"எனக்கு வாய் விட்டு ஜெபம் பண்ணியெல்லாம் பழக்கம் இல்லம்மா."

"இடப்பக்கம் நிக்கிறவங்களுக்கு ஒரு வரி சொன்னாப் போதும்."

அவரை அண்ணனுக்கு இடப்பக்கம் நிறுத்தினார்கள். அதற்குள் ரேடியோ கிட்டாரை ஒதுக்கித் தள்ளிவிட்டு அக்காவை அப்பாவின் இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினான். அவள் தம்பியை முறைத்தாள். அவன் மேலே கூரையைப் பார்த்தான். தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் கையைக் கோத்துக்கொண்டார்கள்.

முதலில் அண்ணனின் முறை. அவர் வாயைத் திறந்ததும் வட்டம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. கண்ணை அவர் மூடவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ஆண்டவரே, இவர்கூட இரும். ஆமென்" என்றார். யாரோ நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது.

அடுத்தது டிரைவர். அவர் தலை குனிந்துகொண்டார். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அண்ணனுக்கு உதடு துடித்தது, ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கலாமா என்று. கொடுக்கவில்லை.

"ஆண்டவரே" என்றார் டிரைவர். தொண்டையைச் செருமினார். "என் பொண்ணு செடிப் பண்ணையில வேலை பாக்கிறா. இன்னைக்குக் காலையில வண்டி அந்தப் பக்கம் போறப்ப பாத்தேன்." மறுபடி நின்றுவிட்டார். "வெயில்ல நிக்கிறா. பாத்துக்கோங்க."

ஆமென் என்று ரேடியோ சொன்னான், மற்றவர்களும் சொன்னார்கள். அடுத்து பூனையின் முறை. அவள் அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.